அணு உலைக்குள் வெள்ளம் வந்தால் ஜெனரேட்டர் கைகொடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கரன்ட் போனது. ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அது தரைக்குக் கீழே, கார் நிறுத்தும் தளத்தில் இருந்தது. தண்ணீர் முதலில் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். இதே தவறு, இதைவிடப் பெரிய அளவில், அணுமின் நிலையங்களிலும் நடந்திருக்கிறது. நம் பக்கம் கல்பாக்கமும் கூடங்குளமும் கடலோரம் இருப்பதால், ஒவ்வொரு புயல் சின்னத்தின்போதும் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் இங்கே.

ஆபத்து என்றால் உலையை நிறுத்திவிடலாமே. நின்றுபோன உலைக்கு எதற்குக் கரன்ட்?

அணு உலை கேஸ் அடுப்பு மாதிரி அல்ல, விறகடுப்பு மாதிரி. தீயை அணைத்த பிறகும் தணல் கிடக்கும். அடுப்புத் தணலாவது ஒரு செம்பு தண்ணீரில் அடங்கிவிடும், இது அடங்காது. அணுக்கள் பிளக்கும் தொடர்வினையைச் சில விநாடிகளில் நிறுத்திவிடலாம். பிளந்து உண்டான துண்டு அணுக்கள் தங்கள் போக்கில் சிதைந்து வெப்பம் தந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்த எந்தப் பொத்தானும் கிடையாது.

கணக்கில் சொன்னால், கூடங்குளத்தில் உள்ள ஓர் உலையின் வெப்பத்திறன் 3000 மெகாவாட். நிறுத்திய கணத்தில் அதில் 6 முதல் 7 சதவீதம் மிஞ்சியிருக்கும். அதாவது சுமார் 200 மெகாவாட். ஒரு மணி நேரத்தில் இது ஒன்றரை சதவீதத்துக்கு அருகில் இறங்கும். ஒரு நாள் கழித்து அரை சதவீதம் அளவில் நிற்கும். அரை சதவீதம்தானே என்று தோன்றும். அது 15 மெகாவாட் வெப்பம். அதைத் தணிக்க மணிக்குச் சுமார் 20 டன் தண்ணீர் ஆவியாக வேண்டும். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் மணிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. இரவும் பகலும், நாள் கணக்கில். அந்தத் தண்ணீரைத் தள்ளும் பம்புக்குத்தான் கரன்ட்.

தண்ணீர் வற்றி எரிபொருள் கோல்கள் வெளியே தெரிந்தால், அவற்றின் சிர்க்கோனிய உலோக உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். கோல்கள் உருகும். ஹைட்ரஜன் கட்டடத்துக்குள் சேர்ந்தால் வெடிக்கும்.

மின்சாரம் தயாரிக்கும் இடத்திலேயே மின்சாரம் இல்லாமல் போகுமா?

போகும். உலை நின்றால் டர்பைன் நிற்கும், டர்பைன் நின்றால் சொந்த உற்பத்தி கிடையாது. அப்போது வெளியிலிருந்து வரும் மின்கம்பிகளை நம்ப வேண்டும். அதுவும் அறுந்தால் டீசல் ஜெனரேட்டர்கள் சில விநாடிகளில் தாமாக ஓடத் தொடங்க வேண்டும். அதற்கும் கீழே பேட்டரிகள். ஆனால் அவை பெரிய பம்புகளை ஓட்டாது. அளவுமானிகள், வால்வுகள், கட்டுப்பாட்டு அறை விளக்குகள் ஆகியவற்றுக்குத்தான் காணும்.

இந்த இடைவெளிகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் பெரும் விபத்தில் முடிந்த சோதனையே இதைப் பற்றியதுதான். வெளி மின்சாரம் போய் டீசல் முழு வேகம் பிடிப்பதற்குள், நின்றுகொண்டிருக்கும் டர்பைனின் மிச்சச் சுழற்சியை வைத்துப் பம்புகளை ஓட்ட முடியுமா என்று பார்த்தார்கள்.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் ஜெனரேட்டர்கள் இல்லையா?

பதின்மூன்று இருந்தன. பழுதுபார்ப்பில் இருந்த ஒன்றைத் தவிர மற்றவை, 2011 மார்ச் 11 பிற்பகல் 2:46க்கு நிலநடுக்கம் வந்து வெளிக்கம்பிகள் எல்லாம் போன உடனேயே ஓடத் தொடங்கின. ஏறத்தாழ ஐம்பது நிமிடம் எந்தக் குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் சுனாமி வந்து 14, 15 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. முதல் நான்கு உலைகள் நின்ற தரை கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டர். பெரும்பாலான ஜெனரேட்டர்கள் டர்பைன் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தன.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. பலரும் கவனிக்காத பகுதி இதற்குப் பிறகு வருகிறது. எல்லா ஜெனரேட்டரும் மூழ்கவில்லை. இரண்டாம், நான்காம் உலைகளுக்கான காற்றால் குளிரும் ஜெனரேட்டர்கள் வேறொரு கட்டடத்தில் தரைத்தளத்தில் இருந்ததால் தப்பின. ஆனால் அவற்றின் மின்சாரத்தை வாங்கிப் பிரித்து அனுப்ப வேண்டிய சுவிட்ச்போர்டுகள் தரைக்குக் கீழே மூழ்கிக் கிடந்தன. ஓடக்கூடிய எஞ்சின் இருந்தும், அதைச் செருக இடம் இல்லை!

உண்மையில் காப்பாற்றியது ஒரே ஒரு ஜெனரேட்டர். ஆறாவது உலைக்குரியது அது. 13 மீட்டர் தரையில் தனிக் கட்டடத்தில் இருந்தது, காற்றால் குளிரக்கூடியது, அதன் சுவிட்ச்போர்டும் பிழைத்தது. அதிலிருந்து கேபிள் இழுத்து ஐந்தாவது உலைக்கும் மின்சாரம் கொடுத்தார்கள். ஐந்தும் ஆறும் உருகவில்லை. ஒன்றும் இரண்டும் மூன்றும் உருகின.

என்னைக் கேட்டால், ஃபுகுஷிமாவைப் பற்றி ஒரே ஒரு தகவல்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதைத்தான் வைப்பேன். எத்தனை ஜெனரேட்டர் என்று கேட்பது பாதிக் கேள்வி. ஜெனரேட்டர், அதன் டீசல் தொட்டி, சுவிட்ச்போர்டு, பேட்டரி, கடல்நீர் பம்ப் ஆகியவற்றில் மிகத் தாழ்வாக இருப்பது எது, அது எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதுதான் மீதிப் பாதி.

சுவரை உயரமாகக் கட்டியிருந்தால் போதாதா?

எவ்வளவு உயரம் என்பதில்தான் சிக்கல். ஃபுகுஷிமா நிலையம் இருக்கும் இடம் முதலில் சுமார் 35 மீட்டர் உயரக் கடலோர மேடு. கடல்நீரை மேலே ஏற்றும் செலவைக் குறைக்கவும், கட்டடங்களைப் பாறையில் நிறுத்தவும் அதை வெட்டி 10 மீட்டருக்கு இறக்கினார்கள். 2002இல் சுனாமி உயரத்தை 5.7 மீட்டர் என்று மதிப்பிட்டார்கள். 2008இல் நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்துக்கு உள்ளேயே செய்த ஒரு கணக்கு 15.7 மீட்டர் வரை வரலாம் என்றது. அந்தக் கணக்கு சுவராக மாறவில்லை.

அதே கடற்கரையில், நிலநடுக்க மையத்துக்கு இன்னும் பக்கத்தில் இருந்தது ஒனகாவா அணுமின் நிலையம். அதைத் திட்டமிட்டபோது ஹிராய் யனோசுகே என்ற மூத்த பொறியாளர் உயரமான தரை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நிலையம் 14.8 மீட்டரில் அமைந்தது. 2011இல் வந்த அலை சுமார் 13 மீட்டர். நிலநடுக்கத்தில் தரையே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துபோனதால், தப்பியது ஒரு முழ இடைவெளியில் என்று சொல்லலாம். வீடிழந்த முந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்மக்கள் அந்த அணுமின் நிலையத்துக்குள்ளேயே தங்கினார்கள்.

அங்கும் தண்ணீர் முழுதாக ஏமாறவில்லை. கடல்மட்டத்தை அளக்கும் கருவி இருந்த குழியின் வழியாக ஏறி, இரண்டாம் உலையின் கட்டட அடித்தளத்துக்குள் புகுந்து, அந்த உலையின் மூன்று ஜெனரேட்டர்களில் இரண்டை நிறுத்தியது. தோகாய் நிலையத்தில் பம்புகளைச் சுற்றிய சுவரை அதற்குச் சற்று முன்புதான் உயர்த்தியிருந்தார்கள். வேலை முடியாத ஓர் இடைவெளி வழியே நீர் நுழைந்து ஒரு ஜெனரேட்டருக்கான பம்பை மூழ்கடித்தது. மற்ற இரண்டும் ஓடின. சுவர் உயரத்தைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறோம். தண்ணீர் கேபிள் போகும் ஓட்டையைத் தேடுகிறது.

சுனாமி வராத ஊர்களில் கவலை இல்லையே?

1999 டிசம்பர் 27 இரவு பிரான்சில் சுனாமி ஏதும் வரவில்லை. ஒரு புயல், ஏறுகடல், ஜிரோந்த் கழிமுகத்தில் பலத்த காற்று மூன்றும் சேர்ந்துகொண்டன. ப்ளேயே அணுமின் நிலையத்தின் கரையைத் தாண்டி அலைகள் விழுந்தன. தரைக்கடியில் ஓடும் கேபிள், குழாய்ச் சுரங்கங்கள் வழியே நீர் பரவி முதல் இரண்டு உலைகளின் அடித்தளங்களை நிரப்பியது. அவசரக் குளிர்விப்புப் பம்புகள் சில மூழ்கின. புயல் வெளி மின்கம்பிகளையும் அறுத்திருந்தது. வெள்ளத்தால் சாலை அடைபட்டு, உதவிக்கு ஆள் வந்து சேர்வதே பாடாகிவிட்டது. டீசல் ஜெனரேட்டர்கள் வேலை செய்ததால் பெரிய விபத்து இல்லை. கரையை உயர்த்தும் வேலை அதற்கு முன்பே பேச்சில் இருந்து தள்ளிப்போய்க்கொண்டிருந்தது என்பதுதான் வேதனை. ஃபுகுஷிமாவுக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே உலகத்துக்கு இந்தப் பாடம் கிடைத்துவிட்டது.

அமெரிக்காவில் கடலே இல்லாத நெப்ராஸ்கா மாநிலத்தில், மிசோரி ஆற்றங்கரையில் ஃபோர்ட் கால்ஹூன் நிலையம் இருந்தது. அங்கே வெள்ளத் தடுப்பு போதாது என்று 2010இல் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு குறை சொன்னது. நிர்வாகம் முதலில் அதை ஏற்கவில்லை. மறு ஆண்டே ஆறு கரைபுரண்டது. எரிபொருள் மாற்றத்துக்காக உலை ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது நல்ல காலம். நிலையத்தைச் சுற்றி, தண்ணீர் நிரப்பிய ராட்சத ரப்பர்க் குழாயை அணைபோல் போட்டார்கள். 2011 ஜூன் 26 அன்று ஒரு சிறிய சுமை எந்திரம் உரசி அந்த அணை கிழிந்தது. தண்ணீர் மின்மாற்றிகளைச் சூழ, கொஞ்ச நேரம் டீசலுக்கு மாற வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 1994 ஜூனில் குஜராத்தின் காக்ராபாரில் கனமழை. பக்கத்து ஏரியின் நீர்மட்டம் ஏறி, டர்பைன் கட்டட அடித்தளத்துக்குள் வெள்ளம் புகுந்தது. முதல் உலை அப்போது ஓடவில்லை. இரண்டாவது இன்னும் இயங்கத் தொடங்கவே இல்லை. இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஏன் இவ்வளவு குறைவாகப் பேசப்பட்டது என்பது எனக்கு விளங்காத ஒன்று.

2004 சுனாமியில் கல்பாக்கம் என்ன ஆனது?

அங்கே இரண்டு உலைகள். முதலாவது பராமரிப்புக்காக நின்றிருந்தது, இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. குளிர்விக்கும் கடல்நீர், சுமார் அரைக் கிலோமீட்டர் தொலைவில் கடலுக்குள்ளிருந்து அடிச்சுரங்கம் வழியாகக் கரையிலுள்ள பம்ப் அறைக்கு வருகிறது. கடல் ஏறியபோது அதே சுரங்கம் வழியாக நீர் பம்ப் அறைக்குள் பொங்கியது. பம்புகள் நின்றன, பல மூழ்கின. பணியில் இருந்தவர்கள் உலையை நிறுத்திப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்தார்கள். முக்கியமாக, வெளி மின்சாரம் போகவில்லை. உலைக் கட்டடத்துக்குள் நீர் வரவில்லை. சுமார் ஒரு வாரத்தில் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

இதை "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்றும் சொல்கிறார்கள். "மயிரிழையில் தப்பினோம்" என்றும் சொல்கிறார்கள். இரண்டிலும் மிகை உண்டு. ஃபுகுஷிமாவோடு ஒப்பிட்டால் அலையும் தாழ்வு, மின்சாரமும் இருந்தது. ஆனால் மின்சாரம் இருந்தும் மூழ்கிய பம்ப் ஓடாது என்பதைக் கல்பாக்கம் காட்டியது. பக்கத்தில் வேக ஈனுலை என்ற வேறு வகை அணு உலைக்காகத் தோண்டியிருந்த அடித்தளக் குழியும் கடல்நீரால் நிரம்பியது. நிலையத்துக்குள் அசம்பாவிதம் இல்லை என்று சொல்லும்போது, ஊழியர் குடியிருப்பிலும் சுற்றியுள்ள மீனவர் ஊர்களிலும் போன உயிர்களை மறந்துவிடக் கூடாது.

கூடங்குளத்தில் ஜெனரேட்டர்கள் எங்கே இருக்கின்றன?

2011இல் இடிந்தகரையில் போராடிய மக்கள் கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. சரியான கேள்வி. அதைக் கேட்டவர்களை அறியாமை என்று ஒதுக்கியவர்கள் ப்ளேயேவைப் பற்றிப் படித்திருக்கமாட்டார்கள்.

அரசு நிபுணர் குழு அப்போது கொடுத்த விவரப்படி, சுனாமியும் புயல் அலையும் சேர்ந்து எட்டக்கூடிய மட்டம் 5.44 மீட்டர் எனக் கணக்கிடப்பட்டது. நிலையத்தின் அடிப்படைத் தரைமட்டம் 7.5 மீட்டர், கரையோரத் தடுப்பு 8 மீட்டர், டீசல் ஜெனரேட்டர்கள் 9 மீட்டருக்கு மேல். சுனாமி உண்டாக்கும் சுமத்ரா, அந்தமான் பிளவு இங்கிருந்து வெகு தொலைவு. 2004இல் அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஃபுகுஷிமாவுக்கு இவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை.

இன்னொரு வேறுபாடு வடிவமைப்பில். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளில், கரன்டே இல்லாமல் வெப்பத்தை வெளியேற்ற ஓர் ஏற்பாடு உண்டு. நீராவி ஜெனரேட்டர் என்பது உலையின் வெப்பத்தால் நீரை ஆவியாக்கும் கலன். அதில் உண்டாகும் ஆவி தானாக மேலே ஏறி, கட்டடத்துக்கு வெளியே உள்ள காற்றுக் குளிர்விப்பான்களில் குளிர்ந்து, நீராகித் தன் எடையால் கீழே திரும்பும். பம்ப் வேண்டாம். ஃபுகுஷிமாவின் முதல் உலையிலும் பம்ப் தேவைப்படாத ஒரு குளிர்விப்பான் இருந்ததே என்று யாராவது கேட்டால், ஆம், இருந்தது. அதன் வால்வுகளைத் திறக்க மின்சாரம் வேண்டியிருந்தது, திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியவும் மின்சாரம் வேண்டியிருந்தது. ஆகவே "தானாக இயங்கும்" என்று எந்த ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னாலும், தொடங்குவதற்கு என்ன வேண்டும் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். எல்லாமே ஒரே நேரத்தில் போகுமா?

போகும், வெள்ளமே வராமலும் போகும். 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் டர்பைன் இறக்கை உடைந்து ஹைட்ரஜன் தீப்பிடித்தது. முதன்மை மின்சாரக் கேபிளும் மாற்று மின்சாரக் கேபிளும் போதிய தடுப்பில்லாமல் ஒரே வழியில் போனதால் இரண்டும் சேர்ந்தே எரிந்தன. 17 மணி நேரம் முழு இருட்டு. ஊழியர்கள் டார்ச் விளக்கோடு உலைக் கட்டடத்தின் உச்சிக்கு ஏறி, கையாலேயே வால்வைத் திறந்து, தொடர்வினையைத் தடுக்கும் போரான் கரைசலை உலைக்குள் விட்டார்கள். தீயணைப்புக்கான டீசல் பம்பு மூலம் நீராவி ஜெனரேட்டருக்குத் தண்ணீர் ஊட்டினார்கள். இந்திய அணுசக்தி வரலாற்றின் மிக மோசமான இரவுகளில் ஒன்று. அந்த டார்ச் பிடித்த கைகளுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது.

2006 ஜூலையில் சுவீடனின் ஃபோர்ஸ்மார்க்கில் வெளி மின்பாதையில் ஏற்பட்ட மின்னழுத்த ஏற்றம், நான்கில் இரண்டு ஜெனரேட்டர்களை இணையவிடாமல் செய்தது. நான்கும் ஒரே வகைக் கருவிகளை நம்பியிருந்தன. மற்ற இரண்டும் இணைந்ததால் தப்பினார்கள்.

பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?

மணிக்கணக்குதான். ஃபுகுஷிமாவில் எட்டு மணி நேரம் என்பது திட்டம். முதல் இரண்டு உலைகளின் பேட்டரிகள் மூழ்கியதால் எட்டு நிமிடம்கூட உறுதியில்லாமல் போனது. மூன்றாம் உலையின் பேட்டரிகள் சற்று மேலே இருந்ததால் பிழைத்தன. தேவையற்றதையெல்லாம் அணைத்துச் சிக்கனம் பிடித்து ஒன்றரை நாள் போல ஓட்டினார்கள். மற்ற உலைகளில் நீர்மட்டம் என்ன என்று பார்க்க, ஊழியர்கள் வாகனங்களிலிருந்து கழற்றிய கார் பேட்டரிகளை வரிசையாக இணைத்தார்கள்.

லாரியில் ஜெனரேட்டர் கொண்டுவந்து இணைக்க முடியாதா?

ஃபுகுஷிமாவில் கொண்டுவந்தார்கள். உடைந்த சாலையும் நெரிசலும் தாண்டி ஜெனரேட்டர் வண்டிகள் இரவோடு இரவாக வந்தன. இணைக்கத்தான் உலர்ந்த சுவிட்ச்போர்டு வேண்டுமே. இரண்டாம் உலையில் பிழைத்திருந்த ஒரு போர்டைக் கண்டுபிடித்து, கனமான கேபிளை இடிபாடுகளுக்கு நடுவே கையால் இழுத்து, மார்ச் 12 பிற்பகல் இணைத்தும் முடித்தார்கள். 3:36க்கு முதல் உலைக் கட்டடம் வெடித்து, பறந்து வந்த துண்டுகள் அந்தக் கேபிளைச் சிதைத்தன.

சில கிலோமீட்டர் தெற்கே ஃபுகுஷிமா டைனி என்ற இன்னொரு அணுமின் நிலையத்தில் ஒரே ஒரு வெளி மின்கம்பி தப்பியிருந்தது. அங்கே மசுதா நவோஹிரோவின் தலைமையில் சுமார் இருநூறு பேர் 9 கிலோமீட்டர் கேபிளைத் தோளில் சுமந்து இழுத்தார்கள். நான்கு உலைகளும் தப்பின.

அதன் பிறகு பல நாடுகள், இந்தியா உட்பட, எடுத்துச் செல்லக்கூடிய ஜெனரேட்டர்கள், பம்புகள், வெளியிலிருந்து தண்ணீர்க் குழாயைச் செருகும் இணைப்புகள் ஆகியவற்றைச் சேர்த்தன. வாங்கி வைப்பது எளிது. கொட்டும் மழையில், இருட்டில், யார் எந்தக் குழாயை எங்கே மாட்டுவது என்று ஒத்திகை பார்த்திருக்கிறார்களா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

பயன்படுத்திய எரிபொருளை வைத்திருக்கும் குளம்?

அதற்கும் குளிர்விப்பு வேண்டும், ஆனால் அவகாசம் பெரும்பாலும் நாள் கணக்கில் கிடைக்கும். ஃபுகுஷிமா நான்காம் உலைக் குளத்தில் இருந்த 1,535 எரிபொருள் கட்டுகளைப் பற்றி உலகமே பயந்தது. தண்ணீர் வற்றவில்லை, 2014 டிசம்பருக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

டீசல் எத்தனை நாளைக்கு இருக்கும்?

பொதுவாக ஒரு வாரம், பத்து நாள் என்ற அளவில் சேமித்து வைப்பார்கள். அதற்குள் லாரி வந்துவிடும் என்பது நம்பிக்கை. உக்ரைனின் ஸபோரிஷியா நிலையத்தில் அந்த நம்பிக்கை போருக்கு நடுவே சோதிக்கப்படுகிறது. 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்தபோது கீழே ஊர்களை வெள்ளம் கொண்டுபோனது. மேலே இருந்த நிலையத்துக்கோ நீர்த்தேக்கமே வற்றிப்போனது. உலைகள் நிறுத்தப்பட்டிருந்ததால் தேவை குறைவு. நிலத்தடிக் கிணறுகள் தோண்டிச் சமாளித்தார்கள். 2025 செப்டம்பர் 23 அன்று கடைசி வெளி மின்கம்பியும் அறுந்தது. அதைச் சரிசெய்ய இரு தரப்பும் சிறு பகுதிகளில் சண்டையை நிறுத்த வேண்டியிருந்தது. அதுவரை ஏறத்தாழ நான்கு வாரம், ஆறு உலைகளும் டீசலில் குளிர்ந்தன.